பதினான்கு நாளில் இரண்டு தீவையும் முடிக்கப் பார்க்கும் அத்தானுக்கு

ஆக்லாந்து

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் அனுப்பிய பயணத் திட்டம் வந்து சேர்ந்தது. எக்செல் தாளில் மணிவாரியாகப் பிரித்து, மஞ்சள், பச்சை என்று வண்ணம் பூசி, உங்கள் வங்கி ஆடிட்டரே கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கிறது. மே மாதம், பதினான்கு நாள், ஒரு கேம்பர்வேன், நான்கு பேர். ஆக்லாந்தில் இறங்கி வடக்கே ரெய்ங்கா முனை, திரும்பி வெலிங்டன், வண்டியோடு கப்பல் ஏறித் தெற்குத் தீவு, குவீன்ஸ்டவுன், மில்ஃபோர்ட் சவுண்ட், கடைசியில் பிளஃப். எல்லாவற்றுக்கும் கீழே, ‘செலவு குறையத்தானே வேன்?’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கடிதம் முழுவதும் பதில். குறையாது, அத்தான். கேம்பர்வேன் ஓடினால் செலவு, நின்றால்தான் வரவு. உங்கள் திட்டத்தில் அது நிற்கவே இல்லை. பிள்ளைகள் பல் விளக்குவதற்குக்கூட நேரம் ஒதுக்கவில்லை. ஆகையால் தெற்குத் தீவு முழுவதையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ஆக்லாந்துக்கு வடக்கே இருக்கும் சின்னக் கடலோர ஊர்கள் நாலைந்தை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள். தினம் கடன் மனு படிக்கிறவர், மைத்துனனின் மனுவையும் ஒருமுறை பார்க்கலாம்.

முதலில் கணக்கு. நியூசிலாந்தில் டீசல் வண்டிக்கு பம்பில் போடும் பணம் போதாது. சாலையைப் பயன்படுத்தியதற்கென்று தனியாக 1,000 கிலோமீட்டருக்கு 76 டாலர் அரசுக்குக் கட்ட வேண்டும். வாடகை வண்டி என்றால் திருப்பி விடும்போது கிலோமீட்டரைப் பார்த்து வசூல் செய்துவிடுவார்கள். நான்கு பேர் படுக்கும் வேன் 100 கிலோமீட்டருக்குப் பதினொரு லிட்டராவது குடிக்கும். டீசல் லிட்டர் இரண்டு டாலர் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்ட ஏறத்தாழ 300 டாலர். உங்கள் திட்டம் எப்படிச் சுருக்கினாலும் 3,500 கிலோமீட்டருக்குக் குறையாது. ஆயிரம் டாலருக்கு மேல் சக்கரத்துக்கே போயிற்று. டாலருக்கு ஐம்பது ரூபாய் போட்டுப் பாருங்கள். இதற்கு மேல் வெலிங்டனுக்கும் பிக்டனுக்கும் நடுவில் குக் நீரிணையைக் கடக்கும் கப்பல். மூன்றரை மணி நேரப் பயணம். கட்டணம் தலைக்கு மட்டுமல்ல, வண்டியின் நீளத்துக்கும். நான்கு பேருக்கும் ஏழு மீட்டர் வண்டிக்கும் சேர்த்து அவர்கள் சொல்லும் தொகையைக் கேட்டால் நீந்தியே போய்விடலாமா என்று தோன்றும். ஒரு தீவில் எடுத்து இன்னொரு தீவில் விட்டால் அதற்கும் சில கம்பெனிகளில் கூடுதல் கட்டணம் உண்டு. நான் சொல்லும் வடக்குச் சுற்று, ஆக்லாந்தில் தொடங்கி ஆக்லாந்திலேயே முடிந்து, 800 கிலோமீட்டருக்குள் அடங்கும். சக்கரச் செலவு 240 டாலர். கப்பல் இல்லை.

‘ஒரு டாலருக்கு ஒரு நாள் வாடகை என்று விளம்பரம் பார்த்தேனே’ என்று கேட்பீர்கள். பொய்யில்லை. வெளிநாட்டுப் பயணிகள் பலர் ஆக்லாந்தில் வண்டி எடுத்துத் தெற்கே கிறைஸ்ட்சர்ச்சிலோ குவீன்ஸ்டவுனிலோ விட்டுவிட்டு விமானம் ஏறுவதால், வேன்கள் அங்கே போய்க் குவிந்துவிடுகின்றன. அவற்றை மேலே கொண்டுவந்து சேர்க்கக் கம்பெனிக்கு டிரைவர் வேண்டும். சம்பளம் கொடுப்பதற்குப் பதிலாக உங்களிடமிருந்தே நாளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுக்கிறார்கள். சில சமயம் கப்பல் டிக்கெட்டும் ஒரு டாங்க் டீசலும்கூடத் தருவார்கள். ஆனால் சில நாட்களுக்குள் வண்டி ஆக்லாந்தில் நின்றாக வேண்டும். தேதியை அவர்கள்தான் முடிவு செய்வார்கள், அதுவும் கடைசி நேரத்தில். தனிக்கட்டைக்கு அது சரி. இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு கம்பெனிக்குச் சம்பளமில்லாத டிரைவராக இருப்பதற்கு அக்கா ஒத்துக்கொள்வாள் என்று நான் நினைக்கவில்லை. இதிலும் பாருங்கள், வண்டி மலிவாகக் கிடைக்கும் இடத்தில் நிற்கும் உரிமை இல்லை. அந்த உரிமைக்குத்தான் முழு வாடகை.

எங்கே நிற்பது என்பதுதான் அடுத்த கேள்வி. இரவு தங்க மூன்று விதமான இடம் உண்டு. ஹாலிடே பார்க் என்பது மின் இணைப்பு, வெந்நீர், பொதுச் சமையலறை, துணி துவைக்கும் மெஷின் எல்லாம் உள்ள தனியார் இடம். தலைக்கணக்கில் வாங்குவார்கள், குடும்பத்துக்கு ஒரு ராத்திரி நூறு டாலரை நெருங்கும். இரண்டாவது, இங்கே எல்லோரும் ‘டாக்’ என்று சுருக்கிச் சொல்லும் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் முகாம்கள். பெரும்பாலானவற்றில் மின்சாரமும் கிடையாது, வெந்நீரும் கிடையாது. ஒரு கழிவறை, ஒரு குழாய், புல்வெளி, பத்தடி தள்ளிக் கடல். பெரியவர்களுக்குத் தலைக்கு இருபது டாலர் அளவில். ஐந்து முதல் பதினேழு வயதுவரை பாதிக் கட்டணம். மூன்றாவதுதான் ஃப்ரீடம் கேம்பிங், காசில்லாமல் பொது இடத்தில் தங்குவது. இதை நம்பித்தான் பாதிப் பேர் வேன் எடுக்கிறார்கள், ஏமாறுவதும் இதில்தான். 2011இல், ரக்பி உலகக் கோப்பைக்குக் கூட்டம் வரும் என்று அவசரமாக இதற்கொரு சட்டம் கொண்டுவந்தார்கள். 2023இல் அதை இறுக்கினார்கள். இப்போது நகராட்சி நிலத்தில் இலவசமாகத் தங்க வேண்டுமானால், பொதுவாக வண்டிக்குள்ளேயே நிலையாகப் பொருத்திய கழிவறை இருக்க வேண்டும், அதற்குப் பச்சை நிறச் சான்று ஒட்டியிருக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் டப்பா ஒன்றைச் செருகி வைத்துக்கொண்டு ‘இதோ கழிவறை’ என்று காட்டிய காலம் மலையேறிவிட்டது. மீறினால் சில நூறு டாலர் அபராதம். விடிகாலையில் கண்ணாடியைத் தட்டித் தருவார்கள். நல்லவேளையாக நான்கு பேர் படுக்கும் வேன் பலவற்றில் இந்த வசதி இருக்கிறது. பதிவு செய்யும் முன் சான்று உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

கழிவறை என்றவுடன் அக்கா முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது, அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். வண்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு. திறந்தால் சூட்கேஸ் அளவில் ஒரு பெட்டி. கைப்பிடியும் இரண்டு சக்கரமும் உண்டு, விமான நிலையத்தில் இழுப்பதுபோல இழுத்துப் போகலாம். இதற்குப் பெயர் கேசட். ஊருக்கு ஊர் டம்ப் ஸ்டேஷன் என்று ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். அங்கே மூடியைத் திறந்து, முகத்தைக் கிழக்கே திருப்பிக்கொண்டு, மேற்கே கவிழ்க்க வேண்டும். பிறகு குழாயைத் திறந்து அலசி, நீல மருந்து ஒரு மூடி ஊற்றி, மறுபடி செருகிவிடலாம். ஐந்து நிமிஷ வேலை. இதைச் செய்வது யார் என்பதை ஆக்லாந்தைத் தாண்டுவதற்கு முன்பே குடும்பத்துக்குள் பேசி முடித்துவிடுவது நல்லது. நடுவழியில் பேசினால் பெரிய சண்டையாகும். வடக்கே போகிறவர்களுக்கு ஓர் ஆறுதலும் உண்டு. நாட்டிலேயே புகழ்பெற்ற பொதுக் கழிவறை அந்த வழியில்தான், கவாகவா என்ற சின்ன ஊரில் இருக்கிறது. ஹுண்டர்ட்வாஸர் என்ற ஆஸ்திரிய ஓவியர் அந்தப் பக்கம் வந்து குடியேறி, 1999இல் ஊருக்கு வடிவமைத்துக் கொடுத்தது. இடித்த வங்கிக் கட்டடம் ஒன்றின் செங்கல், சுவரில் பதித்த வண்ணக் கண்ணாடிப் புட்டிகள், கோணல்மாணலான ஓடுகள், ஒன்றைப் போல இன்னொன்று இல்லாத தூண்கள், கூரையில் புல். கேமராவைத் தூக்கிக்கொண்டு கழிவறைக்குள் போகிறவரைச் சந்தேகப்படாத ஒரே ஊர் உலகத்தில் இதுவாகத்தான் இருக்கும். வங்கிக் கட்டடம் கடைசியில் இதற்காவது உதவியதே என்று உங்களைச் சீண்டத் தோன்றுகிறது, விட்டுவிடுகிறேன்.

‘சின்னக் கார் எடுத்து மோட்டலில் தங்கினால் என்ன?’ என்பது நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நியாயமான கேள்வி. கணவன் மனைவி இரண்டே பேர், தினம் ஓர் ஊர், கடைச் சாப்பாடு போதும் என்றால் காரும் மோட்டலும்தான் மலிவாக இருக்கக்கூடும், நான் மறுக்கவில்லை. உங்கள் விஷயத்தில் கணக்கைப் புரட்டுவது அடுப்பு. இங்கே சுமாரான ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டால் தலைக்கு 25 டாலர் ஆகிவிடும். நான்கு பேர், இரண்டு வேளை என்றால் நாளுக்கு 200. வண்டியின் வாடகையே சில சமயம் அவ்வளவு இருக்காது. வேனில் கேஸ் அடுப்பும் ஃபிரிட்ஜும் பாத்திரமும் உண்டு. ஆக்லாந்தில் சாண்ட்ரிங்காம் என்ற பகுதியில் இந்திய மளிகைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அரிசி, பருப்பு, புளி, இட்லி மாவு எல்லாவற்றையும் அங்கேயே ஏற்றிக்கொண்டால் பத்து நாள் கவலையில்லை. காய்கறியும் பழமும் போகிற வழியில் வீட்டு வாசல்களில் கிடைக்கும். ஒரு மேசை, பைகளில் அவக்காடோ, ஃபிஜோவா, மே மாதமானால் ஆரஞ்சு வகைகள், பக்கத்தில் காசு போட ஒரு டப்பா, ஆள் இருக்கமாட்டார். டார்கவில் பக்கம் வந்தால் சர்க்கரைவள்ளிக்கிழங்கு, நாட்டில் விளைவதில் பெரும்பகுதி அந்த மண்ணில்தான். கடலில் தூண்டில் போட லைசென்ஸ் வேண்டாம், ஆனால் அளவுண்டு. ஸ்னாப்பர் என்றால் வடக்கே கிழக்குக் கரையில் ஆளுக்கு நாளுக்கு ஏழு, முப்பது சென்டிமீட்டருக்குக் குறைந்தது கண்டிப்பாகக் கடலுக்கே திரும்பிப் போக வேண்டும். கஹவாய் என்றொரு மீன் படகுத்துறையில் நின்றே மாட்டும். வெள்ளைக்காரர்களில் பலர் அதைத் தூண்டில் இரையாக நினைக்கிறார்கள், புளிக்குழம்பில் போட்டால்தான் அதன் அருமை தெரியும். ஒரே எச்சரிக்கை: வேனுக்குள் புகை கண்டால் கத்தும் அலாரம் இருக்கிறது. கடுகும் வரமிளகாயும் தாளித்தால் அது பக்கத்து வண்டிக்காரரையெல்லாம் எழுப்பிவிடும். கதவைத் திறந்துவைத்துத் தாளிக்கச் சொல்லுங்கள்.

மே மாதம் குளிருமே என்பது அடுத்த ஆட்சேபம். பிள்ளைகளுக்கு அப்போதுதான் லீவு என்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். வருத்தமே வேண்டாம், அது உங்களுக்குக் கிடைத்த தள்ளுபடி. இங்கே கோடை டிசம்பர், ஜனவரி. பள்ளி விடுமுறையும் கிறிஸ்துமஸும் சேர்ந்து அப்போது வேன் வாடகை எட்டாத உயரத்துக்குப் போகும், நல்ல முகாம்கள் மாதக்கணக்கில் முன்பே நிறைந்துவிடும். ஏப்ரல் நடுவில் இவர்களுக்கும் இரண்டு வாரம் பள்ளி லீவு. அது முடிந்து மே பிறந்துவிட்டால் வேன்கள் கம்பெனி வாசலில் வரிசையாகத் தூங்கும், பேரம் பேசலாம். அந்த நேரத்தில் தெற்கே போனால் உண்மையாகவே குளிர் நடுக்கும், மில்ஃபோர்ட் பக்கத்து மலைப்பாதைக்குச் சக்கரச் சங்கிலி எடுத்துப் போகச் சொல்வார்கள். வடக்கே பகலில் 18 டிகிரி அளவில் இருக்கும், ராத்திரி பத்து பதினொன்று. ‘குளிர்காலமில்லாத வடக்கு’ என்று அந்த ஊர்க்காரர்களே பெருமையடித்துக்கொள்ளும் மாவட்டம் அது. பெருமையில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். மழை வரும், சாயங்காலம் ஐந்தரைக்கே இருட்டிவிடும், கடலில் குளிப்பது பிள்ளைகளுக்கு மட்டும்தான் சாத்தியம். கொடைக்கானலுக்கு எடுத்துப்போகும் ஸ்வெட்டர் போதும். சீக்கிரம் இருட்டுவதும் என் கட்சிக்குத்தான் பலம். இருட்டிய பிறகு முன்பின் தெரியாத வளைவுச் சாலையில் ஏழு மீட்டர் வண்டியை ஓட்டுவது புத்திசாலித்தனம் இல்லை. ஆகவே மே மாதத்தில் தினம் முந்நூறு கிலோமீட்டர் என்றால் பகல் முழுவதும் கண்ணாடிக்குப் பின்னால்தான்.

சரி, அந்த ஊர்களில் அப்படி என்னதான் இருக்கிறது? ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். ரஸ்ஸல் என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பெயர் கொரோராரெகா. இன்று ஓய்வுபெற்றவர்கள் நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கும் சாந்தமான கடற்கரைத் தெரு. இருநூறு வருஷத்துக்கு முன் திமிங்கிலம் பிடிக்கும் கப்பல்காரர்கள் குடித்துப் புரண்ட தெரு அது. 1835 டிசம்பரில் பீகிள் கப்பலில் வந்த டார்வினுக்கு இந்த இடம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. விட்டுப் போனதில்தான் மகிழ்ச்சி அடைந்தார். ஏறத்தாழ அதே காலத்தில் எழுந்த மரத் தேவாலயம் இன்னும் நிற்கிறது, நாட்டில் மிஞ்சியிருக்கும் தேவாலயங்களில் மிகப் பழையது. அதன் பலகைச் சுவரில் 1845 சண்டையின் துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டைகளில் பிள்ளைகள் விரல் விட்டுப் பார்க்கலாம். பின்னால் இருக்கும் குன்றில் பிரிட்டிஷ்காரர்கள் கொடிக்கம்பம் நட நட, ஹோனே ஹெகே என்ற மாவோரித் தலைவர் தரப்பு 1844க்கும் 1845க்கும் நடுவில் நான்கு முறை வெட்டிச் சாய்த்தது. எதிர்க்கரையில் வைடாங்கி, 1840 பிப்ரவரி 6 அன்று ஆங்கிலேய அரசும் மாவோரித் தலைவர்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட புல்வெளி. கையெழுத்திட்டு ஏறத்தாழ ஐந்து வருஷத்தில் கொடிக்கம்பம் நான்கு முறை விழுந்தது ஏன் என்று ஒரு பகல் முழுவதும் அங்கே பேசிக்கொண்டிருக்கலாம். உங்கள் எக்செல் தாளில் இந்த இரண்டு ஊருக்கும் சேர்த்து ‘40 நிமிடம், போட்டோ’ என்று போட்டிருக்கிறது. சிக்கனக் குறிப்பு ஒன்று: வேனை வைடாங்கிக்குப் பக்கத்து ஊரான பைஹியாவில் நிறுத்திவிட்டு ஆள் மட்டும் படகில் ரஸ்ஸல் போய்வாருங்கள். வண்டியையும் கூட்டிப்போக ஓபுவாவில் தனிப் படகுத்துறை உண்டு, ஆனால் ரஸ்ஸலின் தெருக்கள் உங்கள் ஏழு மீட்டருக்காகப் போட்டவை இல்லை.

இன்னும் மேலே போனால் மங்கோனுயி, துறைமுகத்துக்கு மேல் கால் ஊன்றி நிற்கும் மீன்கடை. காகிதத்தில் சுற்றித் தரும் மீனும் உருளை வறுவலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் கடற்பறவைகள் பங்கு கேட்டு வரும். அதற்கும் அப்பால் கரிகாரி தீபகற்பத்தில் மைடாய் பே, இரண்டு பிறைநிலவு வளைவாகக் கடற்கரை, டாக் முகாம் உண்டு. அங்கே மீன் பிடிக்கக் கூடாது என்று உள்ளூர் மாவோரி மக்கள் தங்கள் வழக்கப்படி 2017இல் தடை போட்டார்கள். தூண்டிலை மூட்டை கட்டிவிடுங்கள். மேற்குக் கரையில் ‘தொண்ணூறு மைல் கடற்கரை’ இருக்கிறது. உண்மையில் ஐம்பத்தைந்து மைல்தான். அது அதிகாரபூர்வமாக நெடுஞ்சாலை, வேகக் கட்டுப்பாடுகூட உண்டு. ஆனால் வாடகை வண்டி அதில் சக்கரம் வைத்தால் இன்சூரன்ஸ் செல்லாது. அரசாங்கம் வா என்கிறது, ஒப்பந்தம் போகாதே என்கிறது. அலை வந்து தீர்ப்புச் சொல்லிவிடும். எனக்கு இவை எல்லாவற்றிலும் பிடித்தது ஹோகியாங்கா துறைமுகத்து ராவெனி. தண்ணீருக்கு மேல் மரக்காலில் நிற்கும் பழைய கடைகள், சதுப்புநிலக் காட்டுக்குள் பலகை நடைபாதை, அக்கரைக்கு வண்டி ஏற்றிப்போகும் ஒரு படகு. படகு போன பிறகு ஊரில் எதுவும் நடக்காது. எதுவும் நடக்காத ஊரில் செலவும் நடக்காது என்பதை வங்கிக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

‘கடல் பார்க்கவா பதினோராயிரம் கிலோமீட்டர்? மணப்பாடும் உவரியும் எங்கே போயிற்று?’ என்று கேட்கும் உரிமை தூத்துக்குடிக்காரருக்கு முழுமையாக உண்டு. தண்ணீர் அதே உப்புத்தான். ஆனால் இதே வாதத்தைக் குவீன்ஸ்டவுன் மலைக்கும் ஏரிக்கும் போட்டால் நைனிடாலோடு நின்றிருக்கலாமே. கடலோர ஊர்க்காரருக்கு இன்னொரு கடலோர ஊர்தான் நன்றாகப் புரியும். படகு, வலை, ஏலம், காற்று பார்த்துப் பேசுவது எல்லாம் தெரிந்தவர் கண்ணில்தான் எது வேறு, எது ஒன்று என்பது படும். அதுவுமல்லாமல் நம் ஆட்களின் சாமான் ஒன்று உங்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. 1836 வாக்கில் வில்லியம் கொலன்ஸோ என்ற மிஷனரி இதே வடபகுதியில் மாவோரி மக்களிடம் உடைந்த வெண்கலப் பாத்திரம் ஒன்றைப் பார்த்தார். அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் அது கவிழ்த்துப் போட்ட கப்பல் மணி. விளிம்பைச் சுற்றிப் பழைய தமிழ் எழுத்தில், முகையதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று பொறித்திருக்கிறது. ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். இப்போது வெலிங்டன் டே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எப்படி வந்தது என்பதற்கு ஆளுக்கொரு ஊகம். எப்படியானால் என்ன, இந்த நாட்டுக் கடலோரத்தில் திறந்த வெளிச் சமையலுக்கு உதவிய முதல் தமிழ்ப் பாத்திரம் அதுதான். அக்கா கொண்டுவரப்போகும் குக்கர் இரண்டாவது.

‘வீடு வாசல் இல்லாதவன் மாதிரி ரோட்டோரம் படுப்பதா?’ என்பது உங்கள் அப்பாவின் கேள்வி என்று எழுதியிருக்கிறீர்கள். மாமாவிடம் என் நமஸ்காரத்தைச் சொல்லிவிட்டு, நவக்கிரகத் தலங்களுக்கு அவர் கூட்டிப்போன டூரிஸ்ட் வேனை நினைவுபடுத்துங்கள். கூரைமேல் அண்டா குண்டா, பின்சீட்டில் சிலிண்டர், கூடவே சமையல்காரர். ஆற்றங்கரை கண்ட இடத்தில் இறக்கி எலுமிச்சை சாதம் சாப்பிட்டுவிட்டுத்தானே போனோம். நாம் அதைப் புண்ணியக் கணக்கில் எழுதினோம், இவர்கள் பொழுதுபோக்குக் கணக்கில் எழுதுகிறார்கள். இங்கே மோட்டார் காரவான் சங்கம் என்று 1956இல் தொடங்கிய ஓர் அமைப்பு இருக்கிறது, இன்று உறுப்பினர் லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். பெரும்பாலும் மாமா வயதுக்காரர்கள். ரிடையர் ஆன ஆசிரியர், விவசாயி, நர்ஸ். சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு வேனில் கிளம்பிவிடுகிறார்கள். இவர்கள் வந்தால் வியாபாரம் நடக்கும் என்று சின்ன ஊர்கள் டம்ப் ஸ்டேஷனும் நிறுத்துமிடமும் ஒதுக்கி, ‘வேன்களுக்கு உகந்த ஊர்’ என்று பலகை வைத்து அழைக்கின்றன. மரியாதைக்குக் குறைவில்லை என்று மாமாவிடம் தைரியமாகச் சொல்லலாம். பகலில் வேனுக்கு வெளியே சேலையைக் காயப்போட்டால்கூட யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வடக்கே போகும் வழியில் வரும் யுரெடிடி முகாமில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. அற்புதமான கடற்கரை, நெடுஞ்சாலைக்குப் பக்கம், முதல் ராத்திரிக்கு வசதி. ஆனால் கரையின் ஒரு பக்கம் உடுப்பே போடாமல் வெயில் காய்கிறவர்களுக்கு. மே மாதக் குளிரில் கூட்டம் இருக்காது என்றாலும், பிள்ளைகளை எந்தத் திசையில் நடக்கவிடுவது என்பதை அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அதை உள்ளூர்க்காரர்கள் எழுப்புகிறார்கள். வேன்காரர்கள் கழிவறையை நிரப்புவார்கள், குப்பையைப் போடுவார்கள், ஒரு ராத்திரி படுத்துவிட்டு ஒரு ரொட்டிகூட வாங்காமல் போவார்கள், செலவு ஊர் வரியில் விழும் என்பது அவர்கள் மனக்குறை. உண்மை இருக்கிறது. ஆனால் தொல்லை அதிகம் தருவது நிற்கிறவரா, பறக்கிறவரா என்று பார்க்க வேண்டும். ஓபோனோனி என்ற ஊரில் 1955-56 கோடையில் ஒரு டால்ஃபின் கரைக்கு வந்து பிள்ளைகளோடு பந்து விளையாட ஆரம்பித்தது. ஓபோ என்று பெயர் வைத்தார்கள். செய்தி பரவியது. அந்தச் சின்ன ஊருக்கு ஆட்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள், கூடாரம் போட இடமில்லை. தொடுவதும் பிடித்திழுப்பதும் தாங்காமல், ஓபோவைப் பாதுகாக்க அரசே விதி கொண்டுவந்தது. 1956 மார்ச்சில், விதி நடைமுறைக்கு வந்த அதே நாட்களில், ஓபோ பாறையிடுக்கில் இறந்து கிடந்தது. இன்று ஊரில் அதற்கு ஒரு சிலை. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் ஓபோனோனியைப் பார்க்க வந்தார்கள்? ஒன்றைத் தொட்டுவிட்டு ஓட வந்தவர்கள்தான் அதிகம். இரண்டு ராத்திரி ஒரே ஊரில் நிற்கிறவர் பால் வாங்குவார், டீசல் போடுவார், நூலகத்தில் உட்கார்ந்து போனுக்குச் சார்ஜ் ஏற்றுவார், மூன்றாம் முறை மீன் கேட்டு வரும்போது கடைக்காரர் முகம் பார்த்துச் சிரிப்பார். சிக்கனமாக இருக்கிறவர் கஞ்சனாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. டாக் முகாமில் மிச்சமாகும் காசில் கொஞ்சம் அந்த ஊர்க் கடையில் விட்டுவிட்டு வாருங்கள்.

மிச்சமிருப்பது ஒரே ஓர் ஆட்சேபம், அதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் திட்டத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் அதுதான் இருக்கிறது. ‘நியூசிலாந்து போய்விட்டுக் குவீன்ஸ்டவுன் பார்க்கவில்லையா?’ என்று சொந்தக்காரர்கள் கேட்பார்களே என்ற பயம். கேட்பார்கள். முக்கியமாகச் சென்னைச் சித்தப்பா கேட்பார். அவர் ஐரோப்பாவில் எட்டு நாடு பார்த்தவர். எட்டிலும் பஸ்ஸின் சன்னல் எப்படி இருந்தது என்று நன்றாக வர்ணிப்பார். அவருக்குப் பதில் சொல்வதற்காக நான்கு பேர் கப்பலும் டீசலுமாகப் பல ஆயிரம் டாலர் செலவழிப்பது, வேறொருவர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதற்குச் சமம். தெற்குத் தீவு எங்கேயும் ஓடிப்போகாது. இன்னொரு வருஷம் அதற்கென்றே வாருங்கள், அப்போதும் அங்கே ஒரு கரையை மட்டும் எடுத்துக்கொண்டு.

ஆகவே இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். வேன் பத்து நாளைக்கு மட்டும் போதும், மீதி நாள் எங்கள் வீட்டில். வாடகை விலையைப் பார்க்கும்போது இன்சூரன்ஸையும் சேர்த்துப் பாருங்கள். அதைக் குறைத்தால் கண்ணாடியில் ஒரு கல் பட்டாலும் பெரிய தொகையைப் பிடித்துவிடுவார்கள். உங்கள் லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருப்பதால் சிக்கல் இல்லை, வண்டி ஓட்டுவதும் நம்மூர் மாதிரி இடப்பக்கம்தான். ஹாரன் மட்டும் அடிக்காதீர்கள், இங்கே அது கெட்ட வார்த்தை. விமான நிலையத்தில் தின்பண்டம் எதுவானாலும் படிவத்தில் எழுதிவிடுங்கள், மறைத்தது அகப்பட்டால் அங்கேயே 400 டாலர். தேன் வேண்டவே வேண்டாம், பச்சைக் கருவேப்பிலையும் வேண்டாம். அக்கா போடும் மாவடு பற்றிச் சட்டம் என்ன சொல்லும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் வேண்டாமென்றால் விமானம் ஏறுவதற்கு முன்பே நீங்கள் நால்வரும் சாப்பிட்டு முடித்துவிடுங்கள், எனக்குச் சொல்ல வேண்டாம். கேசட் யார் பொறுப்பு என்று முடிவானதும், பதிலோடு தேதியையும் எழுதுங்கள். மே முதல் வாரமா, இரண்டாம் வாரமா என்று தெரிந்தால்தான் மைடாய் பே முகாமில் இடம் பிடிக்க முடியும்.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்